பெண் பெயருக்குக் கடைசியில் ஏ

ஜனவரி 6, திங்கள்

தண்ணீர்: வற்றம். சேறு: கறுப்பு. வாடை: அழுகிய முட்டை.

தினம் இந்த ஒரு வரி போதும் என்றாள் ஜெபக்கனி. ஆனால் நோட்டில் பக்கத்துக்கு இருபத்தாறு கோடு. மீதி இருபத்தைந்தை வெறுமனே விட எனக்கு மனமில்லை. அஞ்சாங்கிளாசில் சிங்காரம் வாத்தியார், "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் கோடு போட்ட நோட்டு?" என்று என் நோட்டைப் பிடுங்கித் தன் அக்கா மகனுக்குக் கொடுத்தார். 1968, ஜூலை. அட்டை பச்சை. வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் எழுதுகிறேன்.

ஜெபக்கனி பல்கலைக்கழகத்தில் கிருமி ஆராய்ச்சி செய்கிறவள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். எங்கள் குப்பத்தை ஒட்டிய கழிமுகத்தில் பழைய பாலம் ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாம் காலுக்கு அடியில் இருக்கும் சேறு அவளுக்கு வேண்டுமாம். ஆற்று அழுக்கும் கம்பெனிக் குழாய் அழுக்கும் சுழன்று வந்து படிகிற இடம் அது. படகுக்காரர்கள் இறங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். எனக்கென்ன பயம்? நாற்பது வருடம் அந்தச் சேற்றில் உட்கார்ந்து இறால் தடவியவள் நான். இடுப்பளவு தண்ணீர், பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பல்லில் கவ்விய ஓலைப் பறி, சேற்றுக்குள் இரண்டு கை. விரலில் துள்ளினால் இறால், குத்தினால் கெளுத்தி.

ஜனவரி 7

தண்ணீர்: ஏற்றம். சேறு தெரியவில்லை. வாடை: அழுகிய முட்டை.

என்னை ஆச்சி என்று கூப்பிடுகிறாள். எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். ஆச்சி என்றால் எனக்கு மசாலாப் பொட்டலம்தான் ஞாபகம் வருகிறது. போகட்டும், மரியாதையாகத்தான் சொல்கிறாள்.

ஜனவரி 16

தண்ணீர்: வற்றம். சேறு: கறுப்பு. வாடை: அழுகிய முட்டை.

ஜெபக்கனி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் சொருகச் சொல்வாள். நான் சொருகி, அதன் வாயை உள்ளங்கையால் அடைத்து உருவுவேன். உள்ளே சேறு அடுக்கடுக்காக நிற்கும், புட்டு மாதிரி. அதற்குப் புட்டுக்குழாய் என்று பெயர் வைத்துவிட்டேன். இப்போது அவளும் அப்படித்தான் சொல்கிறாள். ஆபீசிலும் அப்படியே சொல்லிவிட்டாளாம், ஒரு பெரிய புரொபசர் சிரித்தாராம்.

எதிர் வீட்டில் இந்தப் பொங்கலுக்குக் கரும்பு வாங்கவில்லை. வாசலில் சின்னக் கோலம்தான். முட்டி வலியாக இருக்கும். எனக்கென்ன.

பிப்ரவரி 9

தண்ணீர்: வற்றம். சேறு: கறுப்பு, மேலே வானவில் மாதிரி ஒரு படலம். வாடை: அழுகிய முட்டை.

"எண்ணெ வாடை எதுவும் அடிக்கலியா ஆச்சி?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன்.

"படலம் மிதக்குதே?"

"மெதந்தா மெதக்கட்டும். நீ கேட்டது வாடை. நான் சொன்னது வாடை."

பிப்ரவரி 10

எதிர் வீட்டுக்காரியின் பெயரை இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆனால் காரணத்தை எழுதலாம்.

1996. என் மகள் தமயந்திக்கு மஞ்சள் நீராட்டு. சாமியானா, மைக்செட், முதல் பந்தியில் அறுபது இலை. நானே தடவிப் பிடித்த இறாலில் நானே வைத்த குழம்பு. எதிர் வீட்டுக்காரி ஒரு வாய் வைத்தாள். இலையைவிட்டு எழுந்தாள். "இன்னாமே நாகு, கொழம்புல மண்ணெண்ணெ வாடை அடிக்குது!" என்று கூவினாள். மைக்செட்டில் பாட்டு மாறுகிற சமயம். கடைசி இலை வரைக்கும் கேட்டது. அறுபது பேரும் கையை எடுத்துவிட்டார்கள். என் நாத்தனார் அன்று வைத்த பெயர் 'மண்ணெண்ணெக் குழம்பு நாகரத்தினம்'. ஆறு வருடம் ஓடியது அந்தப் பெயர்.

அன்றோடு பேச்சு முடிந்தது. ஒரே வயது, ஒரே தெரு, ஒரே சேறு. பல்லில் பறி இருக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருந்தவர்கள்.

குழம்பு தேனாக இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று கழிமுகத்துக்குப் போகவில்லை. ஜெபக்கனி என்னைத் தன் ஆபீசுக்கு அழைத்துப் போனாள். கடல்பாசி கிண்டி ஊற்றின மாதிரி தட்டுகள் அடுக்கடுக்காக. அதில் நம் சேற்றைத் தடவி வைத்தால் கிருமிகள் பொட்டுப் பொட்டாக முளைக்கின்றன. வெள்ளைப் பொட்டு, மஞ்சள் பொட்டு. ஒரே ஒரு தட்டில் மட்டும் வேக வைத்த இறால் நிறத்தில் ஒரு பொட்டு.

"இந்த ஆளு யாருன்னுதான் தெரியல ஆச்சி," என்றாள். தட்டைக் கீழேயே வைக்கவில்லை.

பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிக் குழலில் பார்க்கச் சொன்னாள். வெள்ளரி விதை மாதிரிக் குட்டிக் குட்டியாக நீந்துகின்றன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்பது வருடம் இந்த ஊர்வலத்துக்கு நடுவிலா உட்கார்ந்திருந்தேன்?

ஏப்ரல் 2

தண்ணீர்: வற்றம். சேறு: கறுப்பு. வாடை: அழுகிய முட்டை.

இறால் நிறத்து ஆள் செத்துக்கொண்டிருக்கிறான். நான்கு தட்டு மாற்றியும் வளரவில்லையாம். கட்டிக்கொடுத்த இடத்தில் சோறு இறங்காத பெண் மாதிரி. ஜெபக்கனி பாலத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஊர்த் தண்ணியக் குடுத்துப் பாப்பமா?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். மூன்றாம் கால் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்துக் கொடுத்தேன். வடிகட்டி, கொதிக்க வைத்து, தீனியில் கலக்கப் போகிறாள்.

ஏப்ரல் 9

தண்ணீர் எப்படியோ இருந்தது, பார்க்கவில்லை. வளர்ந்துவிட்டான்! போனில் கத்துகிறாள், "ஆச்சி, தட்டு பூரா இறாலு! தட்டு பூரா இறாலு!" நானும் கத்தினேன். தமயந்தி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள், எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று. அவளைப் பிடித்து ஒரு சுற்று சுற்றினேன். "அம்மா, ஒனக்கு அறுவத்தேழு வயசு," என்றாள். ஆமாம், தெரியும்.

மே 20

தண்ணீர்: ஏற்றம். வாடை: அழுகிய முட்டை.

இப்போது சொந்தம் பார்க்கிறார்கள். உலகத்தில் இதுவரை பெயர் வைத்த கிருமிகளின் ஜாதகமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். நம் ஆளுடைய ஜாதகத்தையும் எடுத்து ஒவ்வொன்றோடும் ஒத்திப் பார்க்கிறார்கள்.

"நெருங்குன சொந்தம் கொரியாக் கடல்ல ஒண்ணு கெடக்கு ஆச்சி. அதுகூடவே நூத்துக்குத் தொண்ணூத்தாறரைதான் பொருந்துது. தொண்ணூத்தெட்டே முக்காலுக்குக் கீழ போச்சுன்னா வேற இனம்னு கணக்கு."

"அப்ப பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கலாம்."

அதோடு விட்டார்களா? எத்தனை உப்பு தாங்குகிறான், எத்தனை சூடு தாங்குகிறான், சாயம் பூசினால் ஊதாவா சிவப்பா, என்ன தின்கிறான். தமயந்திக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இதில் பாதி விசாரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மருமகன் என்ன தாங்குவான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தின்பது எண்ணெயாம். கழிவு எண்ணெயைக் குடித்தே உடம்பு வளர்க்கிறான்.

ஜூன் 14, சனி

கடைசி வரை படிப்பவர்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

ஜெபக்கனி வந்தாள். கையில் இனிப்பு. "புது இனந்தான் ஆச்சி. எல்லாம் பாத்தாச்சு. இனி பேர் வைக்கணும். கண்டுபிடிச்சவங்க தன் பேரத் தானே வச்சுக்கிட மாட்டாங்க. அதனால ஒங்க பேர வைக்கப் போறேன்."

இனிப்புப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தேன், மறுபடி மூடினேன்.

"லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல பொம்பளப் பேருன்னா கடைசியில ஏ சேக்கணும். நாகரத்தினமே. ஆம்பளப் பேருன்னா ஈ."

"ஆம்பளைக்கு ஈ பொருத்தந்தான்," என்றேன். "அவ்ளோ பழைய பாஷைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு பாரேன்."

முன்னால் ஒரு குடும்பப் பெயர் வருமாம். அது என் வாயில் நுழையவில்லை. ஆனால் உலகம் உள்ள வரைக்கும், எந்த தேசத்துப் பிள்ளை அந்தக் கிருமியைப் படித்தாலும், நாகரத்தினமே, நாகரத்தினமே என்றுதான் படிக்க வேண்டும். கோடு போட்ட நோட்டில்!

ஜூன் 16

தண்ணீர்: வற்றம். மற்றது அதே.

ரேஷன் வரிசையில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். குழாயடியில் இரண்டு தடவை சொன்னேன். நாத்தனார் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொன்னேன். அவள் நம்பவில்லை. நம்பாத முகத்தைப் பார்க்கத்தான் போனேன்.

பிறகு எதிர் வீட்டு வாசலருகே நின்று கொஞ்சம் சத்தமாக போனில் பேசினேன். போனில் யாரும் இல்லை.

உள்ளே டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர்: வற்றம். சேறு: கறுப்பு. வாடை: அழுகிய முட்டை.

புட்டுக்குழாயை அடுக்கடுக்காக அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். கீழ் அடுக்கில் எண்ணெய் இல்லை. ஒரு மட்டத்துக்கு மேல் திடீரென்று எண்ணெய், அங்கிருந்துதான் நம் ஆளும் இருக்கிறான். அந்த மட்டம் சுமாராக முப்பது வருடத்துக்கு முந்தியதாம். கட்டுரையில் இந்தக் கிருமிக்கு எப்போதிலிருந்து தீனி கிடைத்தது என்று எழுத வேண்டும், ஊரில் யாருக்காவது தேதி தெரியுமா என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

வீடு வீடாகப் போனாள். ஒருவர் சுனாமிக்கு அப்புறம் என்கிறார். இன்னொருவர் பாலம் மூடின வருடம் என்கிறார். ஊருக்கே ஞாபக மறதி.

ஜூலை 10, வியாழன்

வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கெடைச்சிட்டு ஆச்சி! எதிர்த்த வீட்டுல தேசம்மான்னு ஒரு ஆச்சி இருக்காங்கல்லா, அவங்க சொன்னாங்க. 'நான்தான் மொதல்ல சொன்னேன், தமயந்தி மஞ்சத் தண்ணி அன்னிக்கு வாயத் தொறந்தேன், அதுலேர்ந்து மூடிகினு கீறேன்'னாங்க. வருசம் தேதி அவங்களுக்கு ஞாபகம் இல்லியாம். ஒங்களுக்குத்தான் எல்லாத் தேதியும் தெரியுமாம். இந்தத் தமயந்திங்கிறது யாரு ஆச்சி?"

"அப்டி யாரும் இந்தத் தெருவுல இல்ல," என்றேன்.

சமையலறையில் தமயந்தி பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

(பெயரை எழுதிவிட்டேன். எழுதியது ஜெபக்கனி சொன்னதை. நான் சொன்னதாகக் கணக்கில்லை.)

ஜூலை 11

தண்ணீர்: வற்றம். சேறு: கறுப்பு. வாடை: தெரியவில்லை.

ஜூலை 12

வாடை: தெரியவில்லை.

ஜூலை 13

தமயந்தி என்னோடு பேசவில்லை. "நான் இந்தத் தெருவுல இல்லாத ஆளு," என்கிறாள். சாம்பாரில் உப்பு போடவில்லை.

ஜூலை 15

தண்ணீர்: வற்றம். சேறு: கறுப்பு. வாடை: மண்ணெண்ணெய்.

ஆறு மாதமாக இந்தப் பத்தியில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். முட்டை வாடையும் உண்டு. அதற்கு மேலே மண்ணெண்ணெய் வாடை. முதல் நாளே அடித்தது.

ஞாபகம் இருக்கிறவளுக்கு இதுதான் தொல்லை, எல்லாமே இருக்கும். 1996, ஆவணி 16, ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் ஒன்று. முந்தின நாள் காலையில் எதிர் வீட்டுக்காரியும் நானும்தான் மூன்றாம் காலடியில் தடவினோம். அவள் பல்லிலிருந்து பறியை எடுத்தாள். தடவும்போது அவள் பறியை எடுத்து நான் பார்த்ததே இல்லை. "நாகு, எண்ணெ நாத்தம் அடிக்குதுடி. இத்த விசேசத்துக்குப் போடாத," என்றாள். அவளுக்குப் பெண் குழந்தை கிடையாது. நான் சொன்னேன், "ஒனக்குப் பொறாமமே." 

அவள் மறுபடி பறியைக் கவ்விக்கொண்டாள்.

குழம்பைக் காலையில் நான் ருசி பார்த்தேன். புளியை இன்னொரு உருண்டை கரைத்து ஊற்றினேன். பூண்டு தட்டிப் போட்டேன். பிறகு மறுபடி ருசி பார்க்கவில்லை.

பந்தியில் அவளுக்கு எதிர் வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழெட்டு உருப்படி, எல்லோரும் இலையில் கை வைத்துவிட்டார்கள். அவள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் கத்தினாள். நான் பார்த்தேன்.

ஜூலை 16

பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையை எடுத்தேன். அச்சடித்த தேதி. ஜெபக்கனி கையில் கொடுத்தேன். இறால் எங்கே பிடித்தது, எதிர் வீட்டுக்காரி என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். இவளுக்கு அழுகை ரொம்பச் சுலபம்.

"இன்னோண்ணு," என்றேன். "பேர மாத்து."

"ஆச்சி! ஒங்க பேரு எழுதியாச்சே."

"அழி. சேத்துல கை வெச்சதுக்கு எம்பேருன்னா, மூக்கு வெச்சது யாரு? மொதல்ல கண்டுபுடிச்சவ அவ. நான் மறைச்சவ."

"ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே ஆச்சி, என்ன சொல்லுவீங்க?"

நாத்தனார் முகம் கண்ணில் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். ஜெபக்கனி பேனாவை எடுத்து என் கண் முன்னால் என் பெயரை அடித்தாள். ஒரே கோடு. பச்சை அட்டை நோட்டு போனபோதுகூட இப்படிச் சுருக்கென்று இல்லை. ஆனால் இதை நான் கொடுத்தேன், யாரும் பிடுங்கவில்லை.

"தேசம்மான்னா கடைசியில ஏ சேத்து என்ன வரும்?"

"தேசம்மே," என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் பக்கத்தில் வாமே, போமே என்றுதானே பேசுவோம். லத்தீன்காரன் எங்கள் குப்பத்தில் வளர்ந்திருக்கிறான்!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தண்ணீர்: ஏற்றம். வாடை: மண்ணெண்ணெய், கொஞ்சம் முட்டை.

புது இனம் என்றால் அந்தக் கிருமியை இரண்டு தேசத்தில் பத்திரப்படுத்தக் கொடுக்க வேண்டுமாம். ஒரு குப்பி இங்கே, ஒரு குப்பி வெளியே. போய்ச் சேர்ந்ததென்று இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. கட்டுரையும் போய்விட்டது. தேசம்மா இரண்டு தேசத்தில் இருக்கிறாள். தெருவைத் தாண்டிக் குழாயடிக்குப் போகவே முட்டி வலிக்கிறது என்பவள்.

அவளுக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும் என்று ஜெபக்கனி ஒரே பிடிவாதம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடிக் கூழ் ஊற்றினேன். தமயந்தி காலையிலேயே பழவேற்காட்டு இறால் வாங்கி வந்தாள். குழம்பு வைத்தேன். மூன்று தடவை ருசி பார்த்தேன். தூக்கில் கூழும் குழம்பும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். பன்னிரண்டு அடித் தெரு. தமயந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள், என்னவோ நான் கப்பல் ஏறுகிற மாதிரி.

எதிர் வீட்டு வாசலில் போய் நின்றால் பெயர் வரவில்லை. நாக்கு மறந்துவிட்டது. கடைசியில் லத்தீனில் கூப்பிட்டேன்.

"தேசம்மே!"

உள்ளே டம்ளர் உருண்டது. "யார்மே அது?"

"நான்தாமே."

"நான்னா? பேரு கெடையாதா?"

"நாகு."

டம்ளரை எடுத்து வைக்கிற சத்தம். பிறகு, "கதவு தொறந்துதான் கீது. எப்பவும் தொறந்துதான் கீது."

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது. தெருவைத் தாண்டிப் பார்க்கும்போது இவ்வளவு தெரியவில்லை. நான் நின்றபடியே கிருமி, பெயர், இரண்டு தேசம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கேட்டாள். முகம் சிவந்தது.

"சேத்துல நெளியிற கிருமிக்கு எம்பேரா? இருவத்தொம்போது வருசம் ஒக்காந்து ரோசன பண்ணி இதத்தான் கண்டுபுடிச்சியா? நீ திருந்தவே மாட்டியாடி?"

"அய்ய, பெருமமே அது! ஒலகம் இருக்குற வரிக்கும் அழியாது!"

"அவ்ளோ பெருமன்னா ஒம்பேர வெச்சிக்க வேண்டியதுதான?"

"வெச்சாங்க. அழிக்கச் சொல்லி ஒம்பேர வெச்சேன்."

"ஏன்?"

தூக்கு கனத்தது. கீழே வைத்தேன்.

"மண்ணெண்ணெ வாடை அடிச்சிதுமே," என்றேன். "அன்னிக்கு. எனக்கும் அடிச்சிது."

அவள் என்னையே பார்த்தாள். நானும் வேறு எங்கும் பார்க்கவில்லை. நீட்டிய காலை மடக்கிக்கொண்டு, "கிண்ணம் அங்க கீது பாரு, எடு," என்றாள்.

கூழில் குழம்பை விட்டுக் குடித்தாள். ஒரு இறாலை எடுத்து மென்றாள். எனக்கு அறுபது இலைக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

"நல்லாகீதுமே," என்றாள்.

"வாடை?"

"வாடையா? ஒண்ணும் இல்ல. சுத்தமா இல்ல."

என் தலை கூரையில் முட்டியது. இந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை வருடம் கறுவிக்கொண்டு கிடந்தேன். "இன்னோர் தபா சொல்லு," என்றேன். அவள் விரலை நக்கிக்கொண்டே சொன்னாள்:

"கொரோனா வந்துதே, அப்பவே என் மூக்கு செத்துபூச்சுடி. இப்போ மல்லிப்பூவும் ஒண்ணுதான், மீன் கழுவுன தண்ணியும் ஒண்ணுதான். நீ மண்ணெண்ணெயே ஊத்திக் குடுத்தாலும் நல்லாகீதுன்னுதான் சொல்லுவேன்."

ஒரு நிமிடம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தோம். யார் முதலில் சிரித்தது என்று எனக்கு ஞாபகமில்லை. எனக்கு! அவளுக்குக் கூழ் புரையேறி, நான் முதுகில் தட்டி, எனக்குப் பல் செட்டு கழன்று, அவள் அதைப் பார்த்து மறுபடி புரையேறி, தமயந்தி ஓடி வந்து இரண்டு பேரையும் பிடித்து உட்கார வைத்தாள்.

சாயங்காலம் ஆட்டோ வைத்து அவளைப் பாலத்தடிக்குக் கூட்டிப் போனேன். நோட்டும் எடுத்துப் போனேன். கரையில் உட்கார்ந்து, "எங்கமே என் கிருமி?" என்று கேட்டாள். மூன்றாம் காலைக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பழக்கத்தில் மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

தண்ணீர்: ஏற்றம். சேறு தெரியவில்லை. வாடை: மண்ணெண்ணெய். அவளுக்கும் சேர்த்து நானே முகர்ந்து சொன்னேன்.